தூரத்து ஆளுக்குப் பழைய லேப்டாப் விற்கிறேன். பணம் போட்டாச்சு என்கிறார், அனுப்பலாமா?

மொட்டைமாடி (திங்கள், பிற்பகல் 3:20)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடம் பயன்படுத்திய லேப்டாப்பை விற்க ஒரு தளத்தில் விளம்பரம் போட்டிருந்தேன். இரண்டு வாரமாக "கடைசி விலை என்ன?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்தான் வந்தார்கள். நேற்று இரவு ஒருவர் வந்தார். பேரமே பேசவில்லை. பேட்டரி எப்படி, கீறல் உண்டா என்று ஒரு கேள்வியும் இல்லை. "கேட்ட விலை தருகிறேன், விளம்பரத்தை எடுத்துவிடுங்கள்" என்றார். இருப்பது வெகு தூரத்தில். கூரியரில்தான் அனுப்ப வேண்டும்.

இன்று காலை ஒரு மெயில் வந்தது. பணம் செலுத்தப்பட்டுவிட்டதாம். பார்சலின் டிராக்கிங் எண்ணை அந்த மெயிலுக்கே பதிலாக அனுப்பினால் தொகை என் கணக்கில் விடுவிக்கப்படுமாம். லோகோ, எழுத்து எல்லாம் அசல் மாதிரியே இருக்கிறது. கணக்கில் மட்டும் எதுவும் ஏறவில்லை. அவரோ தம்பிக்குப் பிறந்தநாள் பரிசு, இன்றே அனுப்புங்கள் என்று அரைமணிக்கு ஒருமுறை நச்சரிக்கிறார். கூரியர் அலுவலகம் ஆறு மணிக்கு மூடிவிடும். அனுப்பலாமா?

சும்மா_ஒருவன் (திங்கள், பிற்பகல் 3:26)

பேரம் பேசாமல் வாங்குகிற ஆளா? கிள்ளிப் பார்த்தீர்களா, நிஜ மனிதர்தானா?

கறார்பேர்வழி (திங்கள், பிற்பகல் 3:41)

அனுப்பாதீர்கள். முதலில் அந்த மெயிலில் உள்ள எந்த லிங்க்கையும் தொடாமல், பணம் செலுத்தும் செயலியை நீங்களே திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே இல்லாத பணம் எங்கேயும் இல்லை.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சில சேவைகள் புது விற்பனையாளர்களின் பணத்தைச் சில நாள் நிஜமாகவே நிறுத்தி வைக்கும், பேபாலும் செய்யும். ஏமாற்றுகிறவர்கள் அந்த வழக்கத்தைத்தான் நகலெடுக்கிறார்கள். நிஜமான நிறுத்தம் என்றால், நீங்கள் உள்ளே நுழைந்ததும் தொகை நிறுத்தி வைக்கப்பட்ட நிலையில் கண்ணில் படும். டிராக்கிங் எண்ணையும் அந்தப் பரிவர்த்தனையின் பக்கத்திலேயே பதியச் சொல்வார்கள். மெயிலுக்குப் பதில் போடு என்று சொல்ல மாட்டார்கள்.

அனுப்பியவரின் பெயரைப் பார்க்காதீர்கள், முகவரியை முழுதாக விரித்துப் பாருங்கள்.

மொட்டைமாடி (திங்கள், மாலை 4:05)

பார்த்தேன் அண்ணா. பெயர் பெரிய நிறுவனத்தின் பெயர். முகவரியை விரித்தால் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கிற சாதாரண மெயில் கணக்கு. "பதில் அனுப்பு" அழுத்தினால் வேறொரு முகவரி வருகிறது. செயலிக்குள் ஒன்றுமே இல்லை.

அவரிடம் கேட்டதற்கு, "கூடுதலாகப் பணம் போட்டுவிட்டேன், அதனால்தான் தாமதம். மிச்சத்தை என் கூரியர் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்கிறார். வராத பணத்தில் மிச்சம்!

கறார்பேர்வழி (திங்கள், மாலை 4:11)

அந்தக் கதையும் பழசுதான். காசோலைக் காலத்திலிருந்து ஓடுகிறது. போலிக் காசோலையைக் கூடுதல் தொகைக்குக் கொடுப்பார்கள். வங்கி அதைத் தற்காலிகமாகக் கணக்கில் காட்டும். நீங்கள் "மிச்சத்தை" உங்கள் சொந்தப் பணத்திலிருந்து திருப்பி அனுப்புவீர்கள். நாலு நாள் கழித்துக் காசோலை திரும்பும். அனுப்பிய மிச்சம் போனது போனதுதான்.

தடை செய்துவிட்டு, தளத்தில் புகார் கொடுங்கள். உரையாடலை அழிக்க வேண்டாம்.

தாழம்பூ (திங்கள், மாலை 5:30)

மொட்டைமாடி, இந்த மட்டில் தப்பித்தீர்கள். நான் தப்பிக்கவில்லை.

பழைய கேமரா ஒன்றை லென்ஸோடு விற்றேன். என்னிடம் வந்தது போலி மெயில் அல்ல, நிஜப் பணம். கண்ணால் பார்த்தேன், வங்கிக்கும் மாற்றிக்கொண்டேன். பார்சல் போய்ச் சேர்ந்து ஐந்து வாரம் கழித்து, அந்த அட்டையின் சொந்தக்காரர் "இந்தச் செலவு நான் செய்யவில்லை" என்று தன் வங்கியில் சொல்லிவிட்டார். அட்டை திருட்டு அட்டை. அவர் பாவம், அவர் மேல் தப்பே இல்லை. பணம் என் கணக்கிலிருந்து பின்னோக்கிப் போனது. கேமராவும் போச்சு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது: பணம் வருவது வேறு, நிற்பது வேறு.

புதுவரவு07 (திங்கள், மாலை 5:52)

வந்த பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?! எத்தனை நாள் வரை?

கறார்பேர்வழி (திங்கள், இரவு 8:15)

பணம் எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது. நான் பணத்தகராறுகளைக் கையாளும் வேலையில் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கடன் அட்டை வழியாக வந்தால், அட்டைக்காரர் தன் வங்கி மூலம் பணத்தைத் திரும்ப எடுக்கும் சார்ஜ்பேக் என்ற வழி இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பல வகைப் புகார்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. பேபாலில் வாங்கியவர் 180 நாளுக்குள் தகராறு தொடங்கலாம். "நண்பர், குடும்பம்" என்ற பிரிவில் அனுப்பச் சொன்னால் விற்பவருக்குப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அது விற்பனைக்கான பிரிவே அல்ல. அதில் வாங்குபவருக்கான பாதுகாப்பு இல்லை, விற்பவருக்கானதும் இல்லை. திருட்டுக் கணக்கிலிருந்து வந்த பணம் என்றால் எந்தப் பிரிவில் வந்திருந்தாலும் பிடுங்கப்படும்.

வங்கிக்கு வங்கி நேரடி மாற்றம் ஓரளவு உறுதியானது. ஆனால் அனுப்பியவரின் கணக்கே களவாடப்பட்டது என்றால் அங்கேயும் வங்கி உங்கள் கணக்கை முடக்கிவைத்து விசாரிக்கலாம். கணக்கின் பெயரும் உங்களோடு பேசுகிறவரின் பெயரும் ஒன்றா என்று பார்ப்பது இதற்காகத்தான். "என் நண்பர் கணக்கிலிருந்து போடுகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. விற்பனைப் பிரிவில் பணம் வாங்கும்போது, பரிவர்த்தனைப் பக்கத்தில் எந்த முகவரி இருக்கிறதோ அங்கேதான் பார்சல் போக வேண்டும். பணம் கட்டியபிறகு "வீடு மாறிவிட்டேன், இந்த முகவரிக்கு அனுப்புங்கள்" என்று செய்தி வரும். அப்படி அனுப்பினால் பேபாலின் விற்பனையாளர் பாதுகாப்பு போய்விடும். முகவரி மாறினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது முகவரியோடு மறுபடி கட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் முணுமுணுத்தபடி செய்வார். மற்றவர் காணாமல் போவார்.

"என் கூரியர்காரர் வந்து எடுத்துக்கொள்வார்" என்பதும் அதே ரகம். பார்சல் சேர்ந்ததற்கான ரசீது உங்கள் கையில் இருக்காது. பிறகு "வரவில்லை" என்று அவர் சொன்னால் நீங்கள் எதைக் காட்டுவீர்கள்?

சும்மா_ஒருவன் (திங்கள், இரவு 8:31)

இவ்வளவு தலைவலிக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு நேரில் விற்றுவிட்டுப் போகலாமே.

மொட்டைமாடி (திங்கள், இரவு 8:40)

இரண்டு வாரமாக அதைத்தான் முயற்சி செய்தேன். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் பாதி விலைக்குத்தான் கேட்கிறார்கள்.

நிதி_மீட்பு_நிபுணர் (திங்கள், இரவு 9:02)

*இந்தப் பதிவு நிர்வாகியால் நீக்கப்பட்டது.*

நிர்வாகி (திங்கள், இரவு 9:10)

தாழம்பூ, இந்தப் பெயரில் யாராவது தனிச்செய்தி அனுப்பி "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்றால் பதில் போட வேண்டாம். ஏமாந்த கதையை யாராவது எழுதினால் போதும், இரண்டாவது முறை ஏமாற்ற ஒரு கூட்டம் வந்துவிடுகிறது.

தாழம்பூ (திங்கள், இரவு 9:14)

வந்துவிட்டது நிர்வாகி. உங்கள் பதிவுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே.

ஈயப்பற்று (செவ்வாய், காலை 7:05)

பணக்கதை நிறையப் பேசிவிட்டீர்கள். பெட்டிக்குள் என்ன போகிறது என்று யாருமே கேட்கவில்லையே! பழுதுபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். பழைய லேப்டாப் வாங்கியவர்கள் என்னிடம் கொண்டுவருவார்கள், திறந்தால் முந்தைய சொந்தக்காரரின் கல்யாண ஆல்பம், சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம் இருக்கும். விற்றவர் "எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டேன்" என்று நம்பிக்கொண்டிருப்பார்.

டெலீட் என்பது புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழிப்பது மாதிரிதான். பக்கங்கள் அப்படியே இருக்கும். 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் எம்ஐடி-யைச் சேர்ந்த இருவர் 158 பழைய ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்தார்கள். படிக்க முடிந்தவை 129. அவற்றில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. 2014-ல் அவாஸ்ட் நிறுவனம் 20 பழைய ஆண்ட்ராய்டு போன்களை வாங்கி, அழித்ததாக நினைத்திருந்த 40,000-க்கும் மேற்பட்ட படங்களை மீட்டுக் காட்டியது.

இப்போதைய கருவிகளில் நிலைமை நல்லது. ஐபோனிலும், ஆண்ட்ராய்டு 10-ஓடு அல்லது அதற்குப் பிறகு வெளிவந்த போன்களிலும் உள்ளே இருப்பதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் இருக்கும். ரீசெட் செய்தால் அதற்கான சாவி அழிந்துவிடும். பூட்டிய பெட்டியின் சாவியை உருக்கிவிட்ட கதை. மேக்கில் ஆப்பிள் சிப் அல்லது டி2 சிப் இருந்தால், 2021-ல் வந்த மான்டரே பதிப்பிலிருந்து அமைப்புகளுக்குள்ளேயே எல்லாவற்றையும் அழிக்கும் வசதி இருக்கிறது. விண்டோஸில் ரீசெட் செய்யும்போது "எல்லாவற்றையும் நீக்கு" என்பதோடு, உள்ளே ஒளிந்திருக்கும் 'டிரைவைச் சுத்தம் செய்' என்ற தேர்வையும் போடுங்கள். நேரமாகும், ராத்திரி ஓட விட்டுத் தூங்குங்கள்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் முழுதும் ஒருமுறை மேலெழுதினால் போதும். ஏழு முறை, முப்பத்தைந்து முறை என்பதெல்லாம் வீண் மின்சாரம். எஸ்எஸ்டி என்றால் மேலெழுதுவதை மட்டும் நம்பக் கூடாது. தேய்மானத்தைப் பரவலாக்க அது எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், கண்ணில் படாத உபரி இடமும் வைத்திருக்கும். உற்பத்தியாளர் தரும் அழிப்புக் கருவியைப் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்கியபோதே விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் இன்னும் நிம்மதி.

ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஓடிபி உருவாக்கும் செயலியைப் புதுக் கருவிக்கு மாற்றிவிட்டு அப்புறம் அழியுங்கள். பேக்அப் எடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ரீசெட் அடித்துவிட்டு, தன் வங்கிக் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் என் மேசைக்கு முன்னால் அழுதவர்கள் உண்டு. இ-சிம் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

புதுவரவு07 (செவ்வாய், காலை 8:20)

நான் ஐபோன் விற்கப் போகிறேன். ஒரு யோசனை. போனை என் கணக்கோடு பூட்டி வைக்கும் 'ஃபைண்ட் மை'யை அணைக்காமல் அப்படியே அனுப்பிவிட்டு, பணம் உறுதியான பிறகு தொலைவிலிருந்தே கணக்கிலிருந்து நீக்கினால்? ஏமாற்றினால் போன் அவனுக்கு உதவாதே!

சும்மா_ஒருவன் (செவ்வாய், காலை 8:24)

அட, இது நல்லா இருக்கே.

ஈயப்பற்று (செவ்வாய், காலை 9:40)

நல்லா இல்லை. வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் வேறொருவர் கணக்கில் பூட்டிய போன் இருக்கும். 2013-ல் ஐஓஎஸ் 7-ஓடு இந்தப் பூட்டு வந்ததே திருட்டைத் தடுக்கத்தான். அவர் கண்ணுக்கு நீங்கள்தான் திருடன். "விளம்பரத்தில் சொன்னபடி இல்லை" என்று புகார் கொடுப்பார், புகார் நிற்கும், ஏனென்றால் அது நிஜம். தவிர, பூட்டு போனை முடக்குமே தவிர உதிரிபாகமாகக் கழற்றி விற்பதை முழுதாகத் தடுக்காது.

ஆண்ட்ராய்டிலும் இதே போல ஒன்று உண்டு. 5.1 பதிப்பிலிருந்து, 2015 முதல். கூகுள் கணக்கை நீக்காமல், பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பின்வாசல் வழியாக ரீசெட் செய்தால், புதியவர் திறக்கும்போது உங்கள் பழைய கடவுச்சொல்லைக் கேட்கும். பிறகு நடுராத்திரியில் போன் செய்து பாஸ்வேர்டு கேட்பார். நல்லவர் கேட்டாலும் கொடுக்க முடியாது. அதனால் கணக்கை நீக்கி, அமைப்புகள் வழியாக ரீசெட் செய்து, "வணக்கம்" திரை வருவதை வீடியோவில் காட்டி அனுப்புங்கள்.

தாழம்பூ (செவ்வாய், காலை 10:12)

ஐஎம்இஐ எண்ணையும் சொல்லிவிடுகிறேன். *#06# அடித்தால் வரும் 15 இலக்க எண், போனின் அடையாள எண். அதை முழுதாக விளம்பரப் படத்தில் போடாதீர்கள், அந்த எண்ணை எடுத்து இன்னொரு போனில் ஒட்டவோ, தொலைந்துவிட்டதாகப் பொய்ப் புகார் கொடுக்கவோ வாய்ப்பு இருக்கிறது. கடைசி இலக்கங்களை மறைத்துப் போடுங்கள். பேச்சு முற்றி, நிஜமாக வாங்கப்போகிறவர் என்று தெரிந்தபின் முழு எண் கொடுக்கலாம். திருட்டுப் போனா என்று சரிபார்க்க அவருக்கு அது வேண்டும், கேட்பது நியாயம்தான்.

படம் எடுக்கும்போது இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுங்கள். அணைந்த திரையில் உங்கள் முகமும் பின்னால் இருக்கும் அறையும் தெரிகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். என் பழைய விளம்பரப் படம் ஒன்றில், ஓரமாகக் கிடந்த பெட்டியில் என் முகவரிச் சீட்டு எழுத்தெழுத்தாகப் படிக்கிற மாதிரி இருந்தது.

மொட்டைமாடி (செவ்வாய், மாலை 6:45)

நன்றி எல்லோருக்கும். இன்று இன்னொருவர் வந்திருக்கிறார், அவரும் தூரம்தான். இவர் என்னைக் கேள்வி கேட்டே கொன்றுவிட்டார். பேட்டரி எத்தனை சுற்று ஓடியிருக்கிறது, கீல் தளர்ந்திருக்கிறதா, வெள்ளைத் திரை வைத்துப் புள்ளி இருக்கிறதா என்று காட்டு, இன்றைய தேதியைத் தாளில் எழுதி லேப்டாப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பு. அப்புறம் பேரம் வேறு.

கறார்பேர்வழி (செவ்வாய், மாலை 6:58)

அவருக்கே விற்றுவிடுங்கள். அவர் உங்களைப் பார்த்துப் பயப்படுகிறார், நீங்கள் அவரைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். வியாபாரம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

வங்கி மாற்றம் என்றால், அவர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள், உங்கள் வங்கிச் செயலியில் இருப்பு கூடியிருக்க வேண்டும். பணம் பெறுவதற்கு நீங்கள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யவோ ஓடிபி சொல்லவோ தேவையே இல்லை. அப்படிக் கேட்டால் பணம் போகிறது என்று அர்த்தம். நடுவர் கணக்கு, அதாவது எஸ்க்ரோ வழியாகச் செய்யலாம் என்றால் நல்லதுதான், ஆனால் அவர் அனுப்பும் லிங்க்கில் போகாதீர்கள். அச்சு அசலாகப் போலி எஸ்க்ரோ தளங்கள் இருக்கின்றன. இருவருக்கும் தெரிந்த சேவையைத் தேர்ந்து, முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

மொட்டைமாடி (புதன், மாலை 7:10)

பணம் வந்துவிட்டது, அவர் பெயரிலேயே, என் வங்கிச் செயலியிலேயே. இன்னும் ஒரு வேலைநாள் பொறுத்து வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார். இப்போது பெட்டி கட்டுவதைப் பற்றிச் சொல்லுங்கள்.

சும்மா_ஒருவன் (புதன், மாலை 7:22)

பேட்டரியைக் கழற்றித் தனியாக இன்னொரு பெட்டியில் போடுங்கள். விமானத்தில் போகும்போது தீப்பிடிக்காமல் இருக்கும்.

பொட்டலம் (புதன், இரவு 7:50)

ஐயோ, நேர்மாறு! பார்சல் வேலையில்தான் இருக்கிறேன், அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

லித்தியம் அயன் பேட்டரி கருவிக்குள் பொருத்தியபடி போனால், அபாயச் சரக்குப் பட்டியலில் அதன் வகை எண் யூஎன் 3481. தனியாகப் போனால் யூஎன் 3480. தனி பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். சரக்கு விமானத்தில் போவதென்றாலும் சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் கழற்றவே கழற்றாதீர்கள். உள்ளேயே இருக்கட்டும். சாதாரண லேப்டாப் பேட்டரி 100 வாட்-மணிக்குள்தான் இருக்கும், அடியில் எழுதியிருக்கும். பாதிக்கும் கீழே சார்ஜ் வைத்து, ஸ்லீப்பில் விடாமல் முழுதாக அணைத்து அனுப்புங்கள். ஸ்லீப்பில் விட்டால் பெட்டிக்குள் விழித்துக்கொண்டு சூடாகும். பேட்டரி உப்பியிருந்தால் விமானத்தில் அனுப்பவே கூடாது. கூரியரிடம் உள்ளே என்ன என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கட்டும் விதம்: மூடும்போது திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே மெல்லிய ஃபோம் தாள். சார்ஜரைத் தனியாகச் சுற்றி, லேப்டாப்பைத் தொடாத மூலையில் வையுங்கள். திரை உடைந்து வரும் பார்சல்களில் பாதி, சொந்த சார்ஜரே இடித்து உடைந்தவை என்பது என் அனுபவம். குமிழித்தாள் மூன்று சுற்று, சிறு பெட்டி, அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்து எல்லாப் பக்கமும் நாலு விரல்கடை இடைவெளியில் அடைப்பு. மூடிவிட்டுக் காதருகே வைத்து ஆட்டுங்கள். சத்தம் கேட்டால் மறுபடி பிரியுங்கள். லேப்டாப் கம்பெனியின் படம் போட்ட பெட்டியை வெளிப்பெட்டியாக வைக்காதீர்கள். அது "என்னை எடுத்துக்கொள்" என்று சொல்கிற பெட்டி.

முக்கியமானது: ரசீதில் எடை எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பெட்டி காலி என்று புகார் வந்தால் அந்த எடைதான் பேசும்.

சும்மா_ஒருவன் (புதன், இரவு 7:58)

சரி சரி, வாபஸ்.

தாழம்பூ (புதன், இரவு 8:30)

காப்பீடும் எடுங்கள், ஆனால் விதிகளைப் படித்துவிட்டு எடுங்கள். பழைய மின்னணுப் பொருளுக்கு ஈடு தராத கூரியர்களும் இருக்கிறார்கள், வாங்கிய பில் இல்லாவிட்டால் தராதவர்களும் இருக்கிறார்கள். கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் சேவை இருந்தால் அதைப் போடுங்கள்.

ஈயப்பற்று (புதன், இரவு 10:15)

இது நான் என் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லித்தரும் தந்திரம். வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லி, உள்ளே இருக்கும் நல்ல ரேமையும் எஸ்எஸ்டியையும் கழற்றிக்கொண்டு சொத்தையைப் போட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து, உள்ளே ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி மூன்றின் சீரியல் எண்ணையும் படம் எடுங்கள். மூடியபின் அடியில் இரண்டு ஆணித் தலைகளில் மினுக்கு கலந்த நகப்பூச்சு ஒரு சொட்டு வையுங்கள். காய்ந்ததும் கிட்டத்தில் போய்ப் படம். மினுக்குத் துகள்கள் விழுந்த கோலம் இன்னொருமுறை அதே மாதிரி விழாது. ஸ்க்ரூட்ரைவர் பட்டால் பூச்சு உதிரும், மறுபடி பூசினாலும் படத்தோடு ஒத்துப்போகாது.

பிறகு ஒரே வீடியோ, நடுவில் வெட்டு இல்லாமல்: இயங்குவது, சீரியல் எண், நாலு பக்கமும் உடம்பு, பெட்டிக்குள் போவது, டேப் ஒட்டுவது, முகவரிச் சீட்டு. வாங்குபவரையும் பெட்டி திறக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம், அவருக்கும் அது காவல்தான்.

மொட்டைமாடி (சனி, காலை 11:00)

நேற்று அனுப்பிவிட்டேன். ஏழு நிமிட வீடியோ. அதில் பாதி நேரம் டேப்பின் முனையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரசீதில் எடை 3.4 கிலோ. வீட்டில் சிவப்பு நகப்பூச்சுதான் கிடைத்தது, மினுக்கு இல்லை, கொஞ்சம் பொடி தூவிக்கொண்டேன்.

மொட்டைமாடி (அடுத்த புதன், இரவு 9:20)

பார்சல் போய்ச் சேர்ந்தது. இன்று அவரிடமிருந்து செய்தி: "பின்பக்க இடது மூலையில் ஒடுக்கு இருக்கிறது. விளம்பரத்தில் சொல்லவில்லையே?" அவரும் பெட்டி பிரிக்கிற வீடியோ அனுப்பியிருக்கிறார். பெட்டி நசுங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. இவரும் அந்த ரகம்தான் என்று நினைத்து, பதில் எழுதுவதற்கு ஆதாரம் எடுக்க என் வீடியோவை ஓட்டினேன். 2:10-ல் லேப்டாப்பைத் திருப்புகிறேன். இடது மூலை. ஒடுக்கு இருக்கிறது. எப்போதோ கீழே போட்டது, மூன்று வருடமாகப் பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது.

சும்மா_ஒருவன் (அடுத்த புதன், இரவு 9:25)

வீடியோவை அவருக்கு அனுப்பவில்லை அல்லவா? அப்படியானால் கூரியர் மேல் போட்டுவிடலாமே.

பொட்டலம் (அடுத்த புதன், இரவு 9:31)

தம்பி, நான் இங்கேதான் இருக்கிறேன்.

மொட்டைமாடி (அடுத்த புதன், இரவு 9:50)

இல்லை, அவருக்கு அனுப்பிவிட்டேன். "உங்கள் பக்கம்தான் சரி, நான் விளம்பரத்தில் எழுதத் தவறிவிட்டேன்" என்றேன். லேப்டாப்பை வைத்துக்கொள்கிறாராம், விலையில் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்கிறார், ஒத்துக்கொண்டேன். பணத்தைத் தன் மனைவி கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

கறார்பேர்வழி (அடுத்த புதன், இரவு 10:02)

பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே போகட்டும். அவர் நல்லவர்தான் என்று நானும் நினைக்கிறேன். ஆனாலும், வேறு கணக்குக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முதல் கணக்கிலிருந்தும் ஒரு தகராறு வந்தால் இரண்டு பக்கமும் இழப்பீர்கள். காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள், புரிந்துகொள்வார்.

மொட்டைமாடி (அடுத்த வியாழன், காலை 8:35)

புரிந்துகொண்டார், அவர் கணக்குக்கே அனுப்பினேன். "திருப்பிக் கொடுத்த தொகை போக மீதி விலையில் கணக்கு தீர்ந்தது" என்று இரண்டு பேரும் அதே உரையாடலில் எழுதி வைத்துக்கொண்டோம்.

இப்போது ஒரு படம் அனுப்பியிருக்கிறார். அடிமூடியின் இரண்டு ஆணிகளைக் கிட்டத்தில் எடுத்த படம். "ரேம் கூட்டப் போகிறேன். ஆணியில் ஏதோ சிவப்பாக ஒட்டியிருக்கிறதே, துருவா? சுரண்டலாமா?"

ஈயப்பற்று (அடுத்த வியாழன், காலை 8:52)

சுரண்டட்டும். அசிட்டோனில் நனைத்த பஞ்சைக் காட்டினால் போதும், வந்துவிடும். பிளாஸ்டிக் மூடியில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.